நான்கு மணிச் சவாரி

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் மூட்டை சுமந்தபோது இடது தோள்பட்டை பிசகிவிட்டது. சும்மா கிடந்த என்னை அண்ணாச்சி ஒருவர் குதிரை பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். துறைமுகச் சாலையில் கடை வைத்திருப்பவர். அதற்கு முன்பு கடற்கரையில் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி விட்டவர். அந்தக் குதிரை, கண் இரண்டிலும் பூ விழுந்து, கடைவாய்ப் பல் தேய்ந்து, உப்பளத்து ஓரம் பழைய மோட்டார் கொட்டகையில் நின்றது.

"கறிக்குத் தள்ளிவிட்டுருங்கன்னு சொல்லுதாங்க. எங்க வீட்டு உலையைக் கொதிக்க வச்சது அது. தன்னாலதான் சாவணும். நீ பாத்துக்கோல" என்றார்.

வேலை கடினமில்லை. கொள்ளை வேகவைத்துத் தவிட்டோடு கூழாகப் பிசைய வேண்டும், குளம்பில் அப்பும் உப்பைக் கழுவ வேண்டும். முதல் நாள் மாலை நான்கு மணிக்குக் குதிரை தானாகக் கிளம்பியது. முதுகு லேசாகப் பள்ளம் விழ, பிள்ளையைச் சுமப்பதுபோல வரப்பில் மெதுவாக நடந்தது. உடைந்த மதகுவரை போய்த் திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றுகொண்டது. உள்ளே வரவில்லை, தீவனத்தையும் தொடவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"ஏறினவங்கள இறக்கிவிட்டியா?" என்றார்.

"மேல யாருமில்லையே அண்ணாச்சி."

"அது உனக்குத் தெரியும், அதுக்குத் தெரியுமால? இடது தோள்ல ரெண்டு தட்டு தட்டி, இறங்கிக்கோங்கன்னு சொல்லு. நான் அப்படித்தான் பழக்கியிருக்கேன்."

தட்டிச் சொன்னேன். குதிரை இடது தோளைத் தாழ்த்திச் சற்று நேரம் காத்திருந்தது. பிறகு பெருமூச்சு விட்டு நிமிர்ந்து, உள்ளே போய்த் தின்றது.

அண்ணாச்சி இன்னும் இரண்டு சொல்லிவைத்தார். மிரண்டால் இழுக்கக் கூடாது, ஏறி உட்கார வேண்டும், ஆள் கனம் தெரிந்தால் நடக்கும். ஒருவருக்கு மேல் ஏறினால் அடி எடுத்து வைக்காது.

ஓர் ஊரில் மூன்று மாதம் நிற்காதவன் நான். அங்கே ஒரு வருடம் நின்றேன். தினமும் நான்கு மணிக்கு யாரோ ஒருவரை இறக்கிவிட்டேன். காலையில் பதிந்த குளம்புத் தடங்களைவிட மாலைத் தடங்கள் ஆழமாக இருந்தன. மண்ணில் ஈரம் கூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், குதிரை சவாரியில் இருக்கும்போதே குளம் உடைந்து வெள்ளம் உப்பளத்துக்குள் வந்தது. பாத்திகளில் இடுப்பளவு தண்ணீர், வரப்பின்மேல் முழங்கால் அளவு. மதகருகே கால்களை அகட்டிக்கொண்டு குதிரை நடுங்கியது. விட்டால் போய்விடும். கயிற்றை இழுத்தேன், வரவில்லை. மதகுக் கல்லில் கால் வைத்துக் குதிரைமேல் ஏறினேன்.

நகரவில்லை. குதிகாலால் இடித்தேன், கெட்ட வார்த்தை சொன்னேன். தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. காதுகளை எனக்குப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அண்ணாச்சி சொன்னது உறைத்தது. ஒருவருக்கு மேல் ஏறினால் நடக்காது.

திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து அதன் இடது தோளில் இரண்டு தட்டு தட்டினேன்.

"இறங்கிக்கோங்க."

தோள் தாழ்ந்தது. முதுகு எனக்குக் கீழே மெல்ல உயர்ந்தது. பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வரப்போடு நடந்து என்னை மேட்டில் சேர்த்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அண்ணாச்சி வந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அது இப்போது நான்கு மணிக்குக் கிளம்புவதில்லை என்றேன்.

"கெழட்டுப் பயலுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சிரித்தார்.

நான் யாரையோ இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. அது மனதை அறுத்தது. அதனால் ஒருநாள் நான்கு மணிக்கு மதகுவரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பும்போது சேற்றில் என் கால் போகும்போதைவிட அதிகம் புதைந்தது. வாசலில் குதிரை முகத்தை நீட்டி என் இடது தோளை இரண்டு முறை இடித்தது.

இப்போது தினமும் போகிறேன். திரும்பி வந்து நான் தோளைத் தாழ்த்தும்வரை அது தீவனத்தில் வாய் வைப்பதில்லை.