குஞ்சு தெரியாத படம்

கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவனுக்குப் பந்தியிலாவது ஓர் இடம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறவைப் படம் எடுக்கப் போகிறவனுக்கு முள்ளும் பெற்றோர் புகாரும்தான் மிச்சம். இருபது வருடம் கல்யாண மேடைகளில் நின்றவன் நான். இப்போது ஞாயிறு காலைகளில் திருவண்ணாமலையைச் சுற்றி ஒன்பது பிள்ளைகளோடு அலைகிறேன். பிறத்தியார் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகும் பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஏரிக்கரையில்

முதல் வகுப்பு வேங்கிக்கால் ஏரிக்கரையில். ஐந்தாவது படிக்கும் தினேஷ் முக்கால் மணி நேரம் ஆடாமல் குந்தியிருந்து, என் பழைய கேமராவில் ஒரு மீன்கொத்தியை எடுத்துவிட்டான். எனக்கே பொறாமையாக இருந்தது. அவனை அழைத்துப்போக வந்த அப்பா எல்லாப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். எங்க பையன் எங்க? ஒண்ணுத்துலயும் அவன காணோமே.”

பௌர்ணமிக்கு மறுநாள்

கிரிவலப் பாதையில் பூச்சிகளை எடுங்கள் என்று அனுப்பினேன். முந்தின ராத்திரி ஊரே சுற்றிவிட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த படங்களில் தண்ணீர் பாட்டில், பாக்குமட்டைத் தட்டு, சிப்ஸ் பாக்கெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஒரு குரங்கு. பூச்சி ஒன்றுகூட இல்லை. குப்பை அள்ளிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

“சீக்கிரம் புடிச்சிக்கோங்கப்பா. நாங்க அள்ளிட்டா அப்புறம் இங்க படம் எடுக்க ஒண்ணுமே இருக்காது.”

கூடு

செங்கம் ரோட்டில் ஒரு விடுதிக்குப் பின்னால் இருந்த புதரில் கூட்டைக் கண்டுபிடித்தவள் பவித்ரா. ஏழாவது படிக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். கொண்டை வைத்த சின்னான் குருவியின் கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள். குறுக்கே இலையோடு ஒரு கிளை மறைத்தது. மணப்பெண்ணின் முகத்தை மறைக்கும் பூச்சாடியை நகர்த்தி நகர்த்திப் பழகிய கை இது. யோசிக்கவே இல்லை, ஒடித்துப் போட்டேன். எட்டுப் பிள்ளைகளும் முண்டியடித்து எடுத்தார்கள். பவித்ரா மட்டும் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

“நான் மொதல்லயே எடுத்துட்டேன் சார், கிளையோட.”

அடுத்த ஞாயிறு

கூடு காலியாகச் சரிந்து கிடந்தது. கீழே கொஞ்சம் இறகு. விடுதி மதிலில் இரண்டு காகங்கள். பாம்பு வந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. பவித்ரா போனை நீட்டினாள். இலை மறைத்த அந்தப் படம். கூட்டின் விளிம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. போன வாரமே காட்டியிருந்தால் அழிக்கச் சொல்லியிருப்பேன்.

“இதுல குஞ்சுங்க தெரியலதான் சார். தெரியாத வரைக்கும் உயிரோட இருந்துச்சுங்க.”



போன்

அதற்கப்புறம் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். கிளையை ஒடித்தது என் தப்பு, பாம்பு என்றதும் பொய், அதைப் பவித்ராவிடம் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார்.

“தெரியும்னு சொல்றா சார். இன்னொரு கூடு பாத்து வெச்சிருக்கறாளாம். எங்கன்னு எனக்கே சொல்லல, சொன்னா நான் உங்க கிட்ட சொல்லிடுவேனாம்.”

என் வகுப்பில் பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டவள் ஒருத்திதான், அதனால்தான் அவள் வகுப்புக்கு வருவதில்லை.