முழங்கால் உயரத்தில் இரண்டு வளையங்கள்

செத்தவர்கள் ஆளைத் தேடி வருகிறார்களா, வீட்டைத் தேடி வருகிறார்களா? ரூசெலுக்கு இந்தக் கேள்வி தானாக வந்ததில்லை. அவன் மனைவி நெய்டி பழைய வீட்டைப் புதுப்பித்த விதம்தான் அதை எழுப்பியது.

மோதூல் ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவள் நெய்டி. சிடுசிடுப்பானவள் என்று பெயர். அவர்களுடைய மகள் லிகியா நான்கு வயதில் டெங்குவில் போனாள். அப்போது வாடகை வீட்டில் இருந்தார்கள். பிறகு வீட்டுக்காரர் அதை இடித்து மருந்துக்கடை கட்டினார். அந்த அக்டோபர் கடைசியில், இறந்த குழந்தைகள் வீடு திரும்புவதாக ஊர் நம்பும் நாளில், நெய்டி மருந்துக்கடை வாசலில் மகளுக்காக ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். கடைக்காரர் மரியாதையோடுதான் அதை ஓரமாக நகர்த்தினார். சில மாதங்களில் அவள் கூரை பாதி விழுந்த ஒரு கல்வீட்டை வாங்கிவிட்டாள்.

கூரையை மாற்றினாள். சமையலறைத் தரைக்கு, இடித்த வீடுகளிலிருந்து மஞ்சள் பூப்போட்ட சிமென்ட் கற்களைப் பொறுக்கி வந்தாள். கதவுக்குப் பாசிப் பச்சை.

"நீலம் அடிச்சா எடுப்பா இருக்கும்" என்றான் ரூசெல்.

"உன் கண்ணுக்கு எடுப்பா இருக்கவா அடிக்கிறேன்?"

ஒருநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பச்சைக் கதவு, அதன் இடப்பக்கம் புளிப்பு நாரத்தைச் செடி, உள்ளே மஞ்சள் தரை. இடித்துப்போட்ட வாடகை வீடே அச்சு அசலாக எதிரே நிற்பது போல இருந்தது. அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று அவனால் நினைக்க முடியவில்லை. நான்கு வயதுக் குழந்தை வீட்டை எதை வைத்து அடையாளம் காணும்? வாசனையை வைத்து இருக்கலாம். கதவை அது நிமிர்ந்துகூடப் பார்த்திருக்காது.

பின்னறையில்தான் சிக்கல். அந்த ஊரில் எல்லா அறைச் சுவர்களிலும் படுத்துத் தூங்கும் வலைத்தூளியை மாட்ட இரும்பு வளையங்கள் இருக்கும், ஆள் தோள் உயரத்தில். பின்னறை மூலையில் ஒரு ஜோடி மட்டும் முழங்கால் உயரத்தில், நெருக்கமாக இருந்தது.

"குழந்தைத் தூளிக்கு வச்சது" என்றார் மேஸ்திரி கசிமீரோ. "பிடுங்கினா சுவரும் கையோட வந்துடும். மேல பூசிடலாம்."

பூசினார். மழைக்காலத்தில் வெள்ளைச் சுவரில் இரண்டு பழுப்புக் கறைகள் எழுந்தன. மறுபடி அடித்தார்கள், மறுபடி எழுந்தன.

"சுண்ணாம்புச் சுவர்ல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே நிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். இங்க எல்லா மேஸ்திரியும் பண்றதுதான் நெய்டிம்மா."

"எல்லாரும் பண்ணா தப்பில்லைன்னு ஆயிடுமா?"

துரு என்று ரூசெலுக்கும் தெரியும். ஆனாலும், காலி மூலையில் ஏதோ தாழ்வாகத் தொங்குவது போலத் தான் சுற்றிக்கொண்டு நடப்பதை ஒருநாள் கவனித்தான். நெய்டியும் அப்படித்தான் நடந்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எதிர்வீட்டு எல்டா பேசினாள். "முன்ன இருந்தவங்களுக்கு ஒரு குழந்தை தவறிச்சு. பொண்ணா பையனா, ஞாபகம் இல்ல. நீங்க என்ன பெயின்ட் அடிச்சாலும் அதுக்கு இதுதானே வீடு? உள்ள ஒண்ணு இருந்தா வர்றது வாசல்லயே நின்னுடும் நெய்டி. குழந்தைங்க புது ஆளைப் பாத்தா கூச்சப்படும்."

நெய்டி அன்று சாப்பிடவில்லை. ரூசெல் மேஸ்திரியை வரச் சொன்னான். அக்டோபர் முடிவதற்குள் வளையங்களை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

"சுவர் விழுந்தா?" என்றார், வெட்டும் மெஷினை இறக்கிவைத்தபடி.

"வேற கட்டிக்கலாம். என் பொண்ணு வாசல்ல நிக்கக் கூடாது."

நெய்டி கறைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மேஸ்திரி, உளியை மட்டும் வச்சிட்டுப் போங்க."

"உளியை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"உங்கள மாதிரி சிமென்ட் பூச மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே மெஷினைத் தூக்கிப் போனார். அவள் பூச்சைக் கொத்தி எடுத்தாள். வளையங்கள் வெளியே வந்து ஆடின. மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைத் தேய்த்தாள். சந்தையிலிருந்து சின்னதாக ஒரு சிவப்புத் தூளி வாங்கி வந்து மாட்டினாள். லிகியா, முன்பு இருந்தவர்களின் குழந்தை என இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறாள் என்று ரூசெல் தானாகவே புரிந்துகொண்டான்.

குழந்தைகள் திரும்பும் அந்த நாள் வந்தது. சோளமாவில் பொதிந்து மண்ணுக்குள் புதைத்துச் சுட்ட கோழி, மெழுகுவத்திகள், நுரை பொங்கும் சூடான சாக்லேட் பானம். ரூசெல் மேசையில் இரண்டு சின்னத் தட்டுகளும் இரண்டு கோப்பைகளும் வைத்தான்.

நெய்டி வந்து பார்த்தாள். ஒரு தட்டையும் ஒரு கோப்பையையும் எடுத்துத் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள்.

"நெய்டி, அப்ப இது யாருக்கு?"

"சாக்லேட் ஆறுது. மூடி வை."

அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த வீட்டில் ஒரு தட்டுதான். எந்தப் பிள்ளைக்கு என்று அவள் ரூசெலிடம்கூடச் சொல்லவில்லை.