வயர்லெஸ்ஸில் வந்த சம்மதம்

அக்காவுக்குப் பிசிக்ஸ் படிக்க இடம் கிடைத்த அன்று எங்கள் வீட்டில் யாரும் மிட்டாய் வாங்கவில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் போய்ச் சேர வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் இடம். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். சம்மதம் சொல்ல வேண்டிய அப்பாவோ ஆழ்கடலில் கிடந்தார். எங்கள் ஊரான இனயத்தை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பு கரை சேருவார் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்கா நாலு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு கிழித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் போய் வருகிற தூரத்திலும் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் இருந்தது. அம்மாவுக்கு அது போதும். அங்கே மூன்று வருஷமும் புத்தகத்திலுள்ள சோதனையையே திரும்பச் செய்ய வேண்டும், தூரத்துப் பல்கலைக்கழகத்திலோ கடைசி வருஷம் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துச் சோதனை செய்யலாம் என்று அக்கா அம்மாவிடம் நாலு தடவை விளக்கினாள். நாலு தடவையும் அம்மா சொன்னது ஒன்றுதான்: “அப்பா சொல்லட்டு.”

அப்பாவிடம் கேட்பதென்றால் வயர்லெஸ்தான். போட்டுக்காரர்கள் சேர்ந்து கடற்கரையில் ஓர் அறையில் செட்டு வைத்திருந்தார்கள். அதுவும் அப்பாவின் போட்டுக்கு நேரே எட்டாது. நடுக்கடலில் கிடந்த சின்ன மாமாவின் போட்டுக்கு எட்டும். அம்மாவின் தம்பியான அவர் கேட்டு அப்பாவுக்குச் சொல்லி, அப்பா சொல்வதை நமக்குச் சொல்ல வேண்டும். இதில் பெரிய தொல்லை என்னவென்றால், அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை போட்டும் நம் பேச்சைக் கேட்கும். அதனால் “சுகந்தானா, மீன் உண்டா” என்பதற்கு மேல் அதில் யாரும் குடும்பம் பேசுவதில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மூன்று பேரும் போய் நின்றோம். இத்தனை ஆண்கள் கேட்க மைக்கைத் தொட மாட்டேன் என்றாள் அம்மா. அக்கா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். வீட்டில் நாக்கு நீளம் யாருக்கு? எனக்கு. மைக் என் கைக்கு வந்தது. செட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மாமாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கச் சொல்லி, டீ குடிக்கப் போனார். சொன்னாராம். எனக்கிருந்த வெப்ராளத்தில், பதற்றத்தில், ஒன்றும் காதில் ஏறவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அக்காவுக்கு இடம் கிடைத்தது, ஐந்து மணிக்குக் கெடு, அம்மா அழுதது, அக்கா இரண்டு நாளாகச் சோறு தின்னாதது, எதையும் விடவில்லை. பிறகு பதிலுக்காகப் பொத்தானை இன்னும் பலமாக அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன். செட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆனது. அப்பாவுக்குக் கோபமோ, போட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன்.

அக்கா உடைந்து போனாள். “அப்பா வேண்டாம்னா நான் போவல்லம்மா. ஆனா ஏன் ஆசைப்படுதேன்னு ஒரு ஆளாவது கேட்டுதா? சில நாளு சாயங்காலம் இந்தச் செட்டு எட்டாத தூரமெல்லாம் எட்டுதே, அது ஏன்னு சின்னதிலேயிருந்து கேக்குதேன். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல்ல. அங்க போனா எனக்குத் தெரியும்” என்று சொல்லி, செட்டு இருந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து ஏங்கி ஏங்கி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள். “நீ அங்க போனா நான் யாரோடு சண்டை போடுவேன்” என்று அவளும் அழுதாள்.

டீ குடித்து வந்தவர் என் கையைப் பார்த்தார். “அட பாவி, விரல எடுட்டி! நீ அமுக்கிப் பிடிச்சா அவன் எப்படிப் பேசுவான்? இங்க உள்ளது எல்லாம் கடல் முழுக்கக் கேட்டிருக்கும்!”

விரலை எடுத்ததுதான் தாமதம், மற்றப் போட்டுகளிலிருந்து ஒரே இரைச்சல். ஒருவர் நர்சிங் படித்தால் கல்ஃபுக்குப் போகலாமே என்றார். இன்னொருவர் பிள்ளையை முதலில் சோறு தின்னச் சொல்லுங்கள் என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தே போனேன். அவளுடைய படிப்பு என் விரலால்தான் போயிற்று என்று நிச்சயமாகத் தோன்றியது. அப்போது மாமாவின் குரல் எல்லாரையும் அடக்கியது. “சேனலை விட்டு மாறுங்கலே. மக்கா, பேடிக்காத. அத்தான்ட்ட கேட்டுச் சொல்லுதேன்.”

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. “அத்தான் சொல்லியாச்சு. பிள்ளைக்கு எங்க இஷ்டமோ அங்க படிக்கட்டு. இரணியல் ஸ்டேஷன்லேயிருந்து டிக்கெட் எடுக்கச் சொன்னாரு. பெட்டிக்கு நல்ல பூட்டு வேணும்னும் சொன்னாரு.” அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மா மட்டும் கொஞ்ச நேரம் செட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நேரமாகிறது, போய் சம்மதம் கொடு என்று அக்காவை விரட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து அப்பா வீடு வந்தார். வந்ததும் வராததுமாக, போன மறுநாளே போட்டிலிருந்த வயர்லெஸ் கேடாகிவிட்டது, இத்தனை நாளும் ஒரு மனுஷக் குரல் கேட்கவில்லை என்று திட்டிக்கொண்டே கால் கழுவினார். அம்மா கால் துடைக்கத் துவர்த்தை நீட்டியபடி தரையைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க சொன்னபடி பிள்ளைக்கு டிக்கெட் எடுத்தாச்சு.”

அப்பா துவர்த்தை வாங்காமல் நின்றார். அம்மாவைப் பார்த்தார். வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார். “ஆமா, நான்தான் சொன்னேனே” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அண்ணைக்கு நான் என்னெல்லாம் சொன்னேன் மக்கா? ஒண்ணு விடாம சொல்லு.” நான் பெருமையாக ஒப்பித்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பூட்டு என்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் கடைக்குப் போய், அக்காவின் சின்னப் பெட்டிக்குப் பொருந்தவே பொருந்தாத பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தார்.

எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ரொம்ப நாள் கடலில் கிடந்தால் மனுஷருக்குத் தான் சொன்னதே மறந்துபோகுமா என்று அக்காவிடம் கேட்டேன். நீ பிசிக்ஸ் படித்துக் கண்டுபிடி என்று சொல்லி, அவள் பெட்டியைப் பூட்டினாள்.