ஒரு நாள் முன்னாடி

போன வருஷம் ஒரு காலையில் குசினியில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். பிரஷர். கண் விழித்தபோது கழுத்துவரை கட்டில் விரிப்பால் போர்த்தியிருந்தது. பக்கத்தில் மகள் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா தூங்குறாங்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கருகி வீடெல்லாம் புகை. கதவு திறந்துதான் கிடந்தது. அடுத்த வீட்டுக்கு ஒரு குரல் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு இருபத்து நான்கு வயது, விவரம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ளது. குளிப்பாட்டுவதும் தலை சீவுவதும் நான்தான். அவள் அப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறது. மஹய்யாவவில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் அவளைப் பாவம் என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் சொன்ன ஒருத்தியாவது அரை மணி நேரம் வைத்துப் பார்த்திருப்பாளா? பேராதனைக் கிளினிக்கில் டாக்டர் மிஸ் என்னை நன்றாகத் தூங்கச் சொல்கிறார், எனக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கச் சொல்கிறார். சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறுவேன். நல்ல மனுஷிதான், அவரும் என்ன செய்வார்.

விழுந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோயிலில் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வாய்விட்டே வேண்டினேன். "சாமி, இவள எனக்கு முன்னாடி எடுத்துக்க. ஒரு நாள் முன்னாடி போதும்." அவளுக்கு விளங்காது என்ற தைரியம். இத்தனை வருஷமும் என் ஆத்திரம், அழுகை எல்லாவற்றையும் அவள் எதிரில்தான் கொட்டியிருக்கிறேன். பிறகும் பல வெள்ளி அதையே வேண்டினேன்.

மாத்தளையில் இருக்கும் என் தங்கச்சி ஒருநாள் பார்க்க வந்தாள். எனக்குப் பிறகு பிள்ளைக்கு யார் என்று நான் புலம்பும்போதெல்லாம், நான் இருக்கேன்ல அக்கா என்பவள். அந்தப் பேச்சை நம்பித்தான் பாதி நாள் ஓடியது. அன்று சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். மகள் ஓடி வந்து கைகூப்பிக் கண்ணை மூடினாள். அட்சரம் பிசகாமல் சொன்னாள், "சாமி, இவள எனக்கு முன்னாடி எடுத்துக்க. ஒரு நாள் முன்னாடி போதும்."

என் குரலின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே இருந்தது.

தங்கச்சி விக்கித்துப் போனாள். "என்னக்கா இது, பெத்தவ வேண்டுற வேண்டுதலா?"

வெட்கத்தை மிஞ்சிக் கோபம் வந்தது. "அப்ப நீ வச்சுக்குவியா? நேரா சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். வீடு சின்னது என்றாள். மாமியார் படுக்கையில் கிடக்கிறார், மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றாள். ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் அவளைத் திட்டவும் முடியவில்லை. புறப்படும்போது பிள்ளையை அணைத்து அழுதாள். நான் இருக்கேன்ல என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி கோயிலில் நான் வாய் திறக்கவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு தானே ஆரம்பித்தாள். சட்டென்று வாயைப் பொத்தினேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை. என் உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் வேண்டுதலை முழுதாகச் சொல்லி முடித்தன. வேண்டாம் சாமி என்று சொல்ல நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றும் அது எனக்கு வரவில்லை.