வாதாமரத்தின் மேல் உட்கார்ந்த பெண்கள்

வாதாமரம் புயலில் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. புயல் அதைச் சாய்த்தது, அவ்வளவுதான். அறுக்கச் சொன்னவர் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அதற்கு ஆமாம் போட்டவர்களில் என் கணவரும் ஒருவர்.

ராயபுரத்தில் கடலோரச் சந்து ஒன்றில், பல குடும்பங்கள் ஒண்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் நான் கல்யாணமாகி வந்தேன். எங்களுக்கு ஓர் அறை. சன்னல் கிடையாது. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்ளேதான். பகலில் அந்தப் புழுக்கத்தில் மனுஷி இருக்க முடியாது. வாசலுக்கு எதிரே, பொதுக்குழாயை ஒட்டி அந்த வாதாமரம் நின்றது. அகல அகலமான இலை, ஒரு பொட்டு வெயில் இறங்காது. மத்தியானம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு நாங்கள் அங்கே போய்விடுவோம். பேன் பார்ப்போம், அரிசியில் கல் பொறுக்குவோம், பிள்ளைகளுக்குப் பால் கொடுப்போம். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா தெருவில் வந்து உட்காருகிற இடம் அது ஒன்றுதான். மீன்காரி கூடையை இறக்கிவைத்து வெற்றிலை போடுவாள். நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அங்கேதான்.

ஆண்களுக்கு டீக்கடை இருந்தது, கடற்கரை இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது. எங்களுக்கு இந்த ஒரு மரம். அதுவும் அவர்கள் கண்ணை உறுத்தியது. ‘வம்பு ஆபீஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த ஐப்பசிப் புயல் ஓய்ந்து, விடிந்ததும் கதவைத் திறந்தால் மரம் சந்துக்குக் குறுக்கே படுத்திருந்தது. வேரில் பாதி வெளியே, பாதி மண்ணுக்குள். இலை வாடவே இல்லை. “வுட்டுது தொல்லை” என்று சொல்லிவிட்டு என் கணவர் மில்லுக்குப் போனார். சொந்தக்காரர் காதில் விழும்படிதான் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மீன்காரி வந்தாள். அவள் வீட்டு ஆண்கள் கட்டுமரக்காரர்கள். மண்ணுக்குள் இருந்த வேரைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

“இது சாவலம்மே. கிளையக் கயிச்சுட்டு இஸ்து நிமித்துனா நின்னுக்கும். எங்க ஆளுங்கோ அடிச்சினு போன கட்டுமரத்தத் தேடிகினு கீறாங்கோ. பொயுது சாய வடத்தோட இட்டுகினு வரேன். அதுவரிக்கும் எவனையும் கை வெக்க வுடாத.”

அவள் தலை மறைந்ததும் சொந்தக்காரர் விறகுக்கடையிலிருந்து ரம்பத்தோடு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். சாயங்காலம் நிமிர்த்திவிடலாம் என்று நான் சொன்னேன். “பொம்பளைங்க பேச்சக் கேட்டா ஊரு வெளங்கிடும்” என்றார், என்னிடம் இல்லை, டீக்கடையைப் பார்த்து. டீக்கடை சிரித்தது.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, இடுப்புப் பிள்ளையோடு போய் அடிமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் வீட்டம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பெண்களைத் தொட்டுத் தூக்க முடியுமா? ரம்பக்காரர்கள் ஓரமாகப் போய்ப் பீடி பற்றவைத்தார்கள். நாங்கள் முறத்தை எடுத்துவந்து மரத்தின் மேலேயே அரிசி புடைத்தோம். அப்படியொரு மத்தியானம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மில் சங்கு ஊதியது. புருஷன்மார்கள் வந்தார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. “உலை வெச்சியா?” என்று கேட்டார்கள். அது போதுமாக இருந்தது. ஒவ்வொருத்தியாகப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். பாய் கூப்பிடக்கூட இல்லை, கதவருகே நின்று இருமினார். அந்த அம்மா என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

நான் மட்டும் இருந்தேன். என் கணவர் வந்து நின்றார்.

“எய்ந்து வாமே. மானம் போவுது.”

“சோறு பானையில கீது. போட்டுத் துன்னு. மீன்காரி வராம நான் எய்ந்திருக்க மாட்டேன்.”

பக்கத்தில் வந்து அவரும் உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சந்தில் யாரும் அவர் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். அவர் சொந்தக்காரரிடம் போனார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

“அவ குந்தினு கெடக்கட்டும். நீங்க வேர்ப்பக்கம் அறுங்க.”

அறுத்தார்கள். நான் மேலே உட்கார்ந்திருக்கும்போதே அறுத்தார்கள். ரம்பம் போய் வருகிற அதிர்வு என் தொடையில் ஏறியது. பிள்ளை வீறிட்டு அழுதது. வேர் அறுந்ததும் மரம் ஒரு சாண் இறங்கி, மண்ணில் தொப்பென்று உட்கார்ந்தது. நான் இறங்கினேன். அதற்குமேல் அங்கே உட்கார்ந்து என்ன பண்ண?

இருட்டுவதற்குள் மீன்காரி வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் வீட்டு ஆண்கள், ஈரத்துணியோடு, தோளில் வடத்தைச் சுமந்துகொண்டு. அவர்களுடைய கட்டுமரம் கிடைக்கவில்லையாம். கிடைக்காமலே எங்கள் மரத்துக்காக வந்திருந்தார்கள். அறுபட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வடத்தைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டார்கள்.

என் கணவர்தான் பேசினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரொம்ப அனுதாபமாக.

“அடடா, இப்பத்தான் அறுத்தாங்கோ. கொஞ்சம் முன்ன வந்திருக்கக் கூடாதா நைனா?”

வேர்ப்பக்கம் அறுக்கச் சொன்னதைக்கூட ஒருநாள் நான் விட்டிருப்பேன். அவர் போய்ச்சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த வார்த்தையை மட்டும் நான் மன்னிக்கவில்லை.