கிணற்றுக்குப் போன ஞாயிறுகள்

கம்பெனியின் காளவாசல் கிளையில் நான் மேலாளராக இருந்தபோது எங்கள் வேனை ஓட்டியவர் அவர். தடித்த கழுத்து, நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு. வேலை செய்யும் எல்லாரையும் ‘மாப்ள’ என்பார். என்னை மட்டும் ‘சார்’.

ஊழியர்கள் கலந்து பழகட்டும் என்று ஹோட்டலில் விருந்து வைத்து, எலுமிச்சை ஸ்பூன் போட்டியெல்லாம் நடத்தினேன். சாப்பிட்ட கையோடு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். அதே ஆட்கள் ஞாயிறுதோறும் அவரோடு டி. கல்லுப்பட்டிப் பக்கம் அவருடைய தோட்டத்துக் கிணற்றில் குதித்துக் குளிக்கப் போனார்கள். திங்கட்கிழமை முழுக்க அந்தப் பேச்சுதான். என் தலையைக் கண்டால் நின்றுவிடும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “என்னைய ஏண்ணே ஒரு தடவகூடக் கூப்பிடல?”

துண்டை உதறித் தோளில் போட்டார். “கூப்பிடலாம் சார். நீங்க வந்தா ஒருத்தனும் சட்டையக் கழட்ட மாட்டான்.”

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அந்த ஞாயிறே, கிடங்கில் சரக்கை மாற்றி அடுக்க வேண்டும் என்று எல்லாரையும் வரச்சொன்னேன். அவசரமே இல்லாத வேலை. அவர்தான் வேனில் கூட்டிவந்தார். யாரும் வாய் திறக்காமல் வேலை பார்த்தார்கள். சாயங்காலம், “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வேன் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.