கிழக்குச் சரிவில் சிவப்புக் கிளைடர்

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மோகன்குமார் யாரிடமும் வாதாடவில்லை. வேட்டியை விலக்கி வலது காலைக் காட்டினான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தையல். உள்ளே பிளேட்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைக் கரடு, மரமில்லாத சிறு குன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அதன் மேற்குச் சரிவில் மோதி மேலே எழும். அதைப் பிடித்துத்தான் பறப்பார்கள். தலைக்கு மேல் துணி இறக்கை, எஞ்சின் கிடையாது. கிழக்குச் சரிவுக்கு யாரும் போவதில்லை. கரட்டைத் தாண்டிய காற்று அங்கே சுருண்டு கீழே அடிக்கும். அவனுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த தாமஸ் அங்கேதான் பாறையில் விழுந்து செத்தார். வலது கால் பின்பக்கம் மடிந்து, தாடை பெயர்ந்து கிடந்தார்.

பறப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிளைடர் வட்டமடித்து ஏறினால் அங்கே ஏறுகாற்று இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் யோசிக்காமல் அதன் அடியில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள்.

அன்று பங்குனி வெயில். மோகன்குமாரின் நீலக் கிளைடர் முன்னால். தங்கை நந்திதாவின் மஞ்சள் பின்னால். அவள் அப்போதுதான் தனியாகப் பறக்கத் தொடங்கியிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, மேகத்துல சொந்தக்காரங்க ஊடு இருக்குதுங்களா? அத்தன மேல போறீங்க?” வாக்கிடாக்கியில் கேட்டாள்.

“வாயாடாம என்ற பின்னாலயே வா, அம்மணி.”

கீழே, அவர்கள் வந்திறங்கும் தரிசு நிலத்தில், கூட்டிப்போக ஜீப்போடு நின்ற வேலன் குறுக்கிட்டான். “காத்து வலுக்குதுங்க. வெரசா எறங்கிருங்க.”

அப்போதுதான் மோகன்குமார் அதைப் பார்த்தான். கரட்டுக்குக் கிழக்கே ஒரு சிவப்புக் கிளைடர். மெதுவாக, அழகாக வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரனாக இருக்கும் என்று நினைத்தான். திரும்பி அதன் அடியில் போய்ச் சேர்ந்தான்.

ஏறினால் பீப் அடிக்கும் கருவி அவன் தொடைமேல் இருந்தது. பீப்... பீப்... நின்றது. பிறகு கீழே இழுக்கப்படும்போது வரும் முனகல். ம்ம்ம்ம்...

அவன் இறங்கிக்கொண்டிருந்தான். சிவப்பு மட்டும் ஏறியது. அந்தக் காற்றிலும் அதன் துணி படபடக்கவில்லை.

அதன் இடது ஓரத்தில் ஒரு வெள்ளை ஒட்டு. அவன் கையால் ஒட்டியது.

தாமஸின் கிளைடர். சவப்பெட்டிக்குள் அவர் நெஞ்சுமேல் அவனே மடித்து வைத்த துணி...

அண்ணாந்து பார்த்தான். தொங்கியவரின் வலது கால் பின்பக்கம் மடிந்து ஆடியது. கைகள் கயிற்றில் இல்லை. தலை மெல்லக் குனிந்தது. தாடை இல்லை.

டப்! அவன் இறக்கையின் பாதி சுருங்கியது. உடம்பு சுழன்றது. இறக்கை விரிந்தது. மறுபடி... டப்!

தூரத்திலிருந்து பார்த்தால் அவன் சுழல்வதும் வட்டமடிப்பதுபோலத்தான் தெரியும்.

மஞ்சள் கிளைடர் அவனை நோக்கித் திரும்பியது.

“அம்மணி, வராத! திரும்பு!”

சத்தம் போகவில்லை. வேறு யாரோ பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார்கள். வாக்கிடாக்கியில் மூச்சு மட்டும்... ஈரமான மூச்சு...

மஞ்சள் நெருங்கியது.

அவன் விழுவதை அவள் பார்த்தால் திரும்பிப் போய்விடுவாள். வேறு வழியில்லை.

இரண்டு பிரேக் கயிறுகளையும் இடுப்புக்குக் கீழே இழுத்தான்.

காற்றின் பிடி விட்டு இறக்கை செத்தது.

விழுந்தான்.

ரிசர்வ் பாராசூட் பாதிதான் விரிந்தது. பாறை. எலும்பு முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. வலது கால் பின்பக்கம் மடிந்தது.

பொழுது சாயும்வரை யாரும் தேடி வரவில்லை. ஆடு மேய்க்க வந்தவர்தான் அலறல் கேட்டு ஓடிவந்தார். நீலத் துணி பாறைகளில் கிழிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தங்கையிடம் கேட்டான். “நான் உழுந்ததப் பாத்துத்தானே திரும்புன?”

நந்திதா திகைத்தாள். “நீங்க எங்கண்ணா உழுந்தீங்க? நான் எறங்கி நின்னு வேலனோட பாத்துட்டே இருந்தனே. செவப்பும் நீங்களும் பொழுதெறங்கற வரைக்கும் சுத்திட்டுத்தான் இருந்தீங்க.”

“அப்பறம் எதுக்குத் திரும்புன?”



“வாக்கிடாக்கில கூப்புட்டீங்க. ‘வா கண்ணு... வா கண்ணு’ன்னு. நீங்க என்னை அம்மணின்னுதான் கூப்புடுவீங்க. பயமாப் போச்சுங்கண்ணா.”

எல்லோரையும் கண்ணு என்று கூப்பிட்டவர் தாமஸ். நந்திதா அவரைப் பார்த்ததே இல்லை.

“யாரு குரலு?”

“உங்க குரலுதானுங்கண்ணா.”

இருவரும் அதோடு பறப்பதை விட்டார்கள். காங்கேயத்தில் வீட்டோடு இருந்தார்கள். போன வாரம், பட்டப்பகலில், வேலன் போன் செய்தான். பின்னால் காற்று இரைந்தது.

“ஏனுங்க... நீங்க ஊட்லதானுங்களே இருக்கறீங்க?”

“ஆமா. என்னப்பா?”

“கெழக்கால சுத்துதுங்க. செவப்பு... அதுக்குக் கீழ நீலம்...” வேலனின் குரல் இறங்கியது. “இன்னிக்கு மஞ்சளும் இருக்குதுங்க. அம்மணி எங்கீங்க?”

மோகன்குமார் நிமிர்ந்தான். நந்திதா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.